கதவின் மேல் ஒரு நகரம்

எங்கள் வீட்டின் பின் விறாந்தையில் ஒரு நகரம் இருக்கிறது. அதன் நீளம் ஆறரை அடி. அகலம் இரண்டே முக்கால் அடி. பழைய வீடொன்றை உடைத்தபோது கழற்றிப் போட்ட பலகைக் கதவொன்றின் மேல் அது எழுந்து நிற்கிறது. ஒன்பது உயர்ந்த மாடிக் கட்டடங்கள், ஒரு ரயில் நிலையம், தூண்களின் மேல் சுற்றி ஓடும் ஒரு ரயில் பாதை, ஓரத்தில் நான்கு மாடிகள் கொண்ட ஒரு தாழ்ந்த கட்டடம். இவ்வளவுதான் அந்நகரம்.

ஒரு மௌலவி ஆசிரியர், அதுவும் நாற்பதைத் தாண்டியவர், குடும்பச் சஞ்சிகையில் விளையாட்டு ரயிலைப் பற்றி எழுதுகிறாரே என்று சகோதரிகள் சிலர் வியக்கலாம். இது ரயிலைப் பற்றிய கட்டுரைதான். ஆனால் கடல் கடந்து போன தகப்பனுக்கும் வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும் இடையில் பேச்சு எப்படி வற்றிப் போகிறது, எப்படி மீண்டும் ஊறுகிறது என்பதும் இதற்குள் வருகிறது. அந்த விடயம் நம்மில் பல வீடுகளுக்குச் சொந்தமானது என்பதால்தான் எழுதத் துணிந்தேன்.

என் தம்பி மின் இணைப்பு வேலை தெரிந்தவன். 2022ஆம் ஆண்டு நாடு பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. மின்சாரமே இல்லாத ஊரில் மின் வேலைக்காரனுக்கு என்ன வேலை? அவ்வாண்டு நடுப்பகுதியில் அவன் துபாய்க்குப் புறப்பட்டான். மனைவியையும் ஒரே மகனையும் எங்கள் உம்மாவின் பொறுப்பில் விட்டுப் போனான். அவன் வீடும் என் வீடும் ஒரே வளவுக்குள்தான் இருக்கின்றன. மகனுக்கு அப்போது ஆறு வயது.

முதல் வருடம் பேச்சுக்குக் குறைவில்லை. இரண்டாம் வருடம் பேச்சு சுருங்கிற்று. இரவு ஒன்பதரை மணிக்கு அழைப்பு வரும். அங்கே நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால், எட்டு மணி. "சாப்பிட்டீங்களா மகன்?" "ஓ." "படிச்சீங்களா?" "ஓ." "உம்மாட சொல் கேக்கிறீங்களா?" "ஓ." அதற்குப் பின் பையன் தொலைபேசியை உம்மாவின் கையில் திணித்துவிட்டு ஓடிவிடுவான். தம்பியின் குரலில் ஏற்படும் தளர்ச்சி பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும். பாசம் இல்லாமல் அல்ல. ஒருவர் அறியாத வாழ்க்கையை மற்றவர் வாழும்போது கேட்பதற்குக் கேள்வி இல்லாமல் போய்விடுகிறது.

ஜப்பானிலிருந்து வந்த பெட்டி

என்னுடன் ஓதிய நண்பரின் சகோதரர் ஒருவர் ஜப்பானில் பழைய வாகன வியாபாரம் செய்கிறார். அவர் ஊருக்கு வந்தபோது பிள்ளைகளுக்கென்று ஒரு பெட்டி கொடுத்தார். அங்கே பழைய பொருட்கள் விற்கும் கடையில் வாங்கியதாம். உள்ளே வட்டமாகப் பூட்டக்கூடிய தண்டவாளத் துண்டுகள், ஒரு வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி, நான்கு பெட்டிகள் கொண்ட ஒரு சிறிய மின்சார ரயில். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையில் 9 மில்லிமீற்றர் இடைவெளி. சுண்டு விரல் அகலம்கூட இல்லை.

மாதிரி ரயில் செய்வோர் உலகில் இந்த அளவுக்கு 'என்' என்று பெயர். உண்மையான ரயிலை 160இல் ஒரு பங்காகச் சுருக்கியது. ஜப்பான்காரர் தங்கள் உள்ளூர் ரயில்களைச் சற்றுப் பெரிதாக, 150இல் ஒரு பங்காகச் செய்கிறார்கள். இதைவிடப் பெரியது 87இல் ஒரு பங்கு. ஜெர்மனியில் ஹாம்பேர்க் நகரில் இரட்டைச் சகோதரர்கள் இருவர் தொடங்கி 2001ஆம் ஆண்டு திறந்து வைத்த உலகப் புகழ்பெற்ற மாதிரி ரயில் உலகம் அந்தப் பெரிய அளவில்தான் அமைந்திருக்கிறது. அங்கே கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரவு வரும். இலட்சக்கணக்கான சிறு விளக்குகள் எரியும். அந்நாட்டின் மார்க்லின் நிறுவனம் 1891ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் அளவு ஒழுங்கு செய்த தண்டவாளத்தில் ஓடும் விளையாட்டு ரயிலைக் காட்சிக்கு வைத்த காலம் முதல் இந்தக் கலை அங்கே தந்தையிடமிருந்து மகனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நமக்கு இது புதிது.

பெட்டியைத் திறந்ததும் தம்பியின் மகன் மின் செருகியைத் தூக்கிக்கொண்டு சுவரை நோக்கி ஓடினான். "பொறுங்க மகன், முதல்ல வாப்பாட்ட கேப்பம்" என்றேன். வீட்டில் மின் வேலை தெரிந்த ஒருவன் இருக்கும்போது, அவன் தூரத்தில் இருந்தாலும், கேட்டுச் செய்வதுதான் முறை. அன்றிரவு அழைப்பு வந்ததும் பையனே தொலைபேசியை வாங்கினான்.

"செருக வாணாம் மகன். அந்தக் கறுப்புப் பெட்டிக்குப் பின்னால சின்ன எழுத்தில என்ன போட்டிரிக்கி? வாசிங்க பாப்பம்."

பையன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தான். உள்ளே எடுக்கும் மின்சாரம் 100 வோல்ற்று என்றிருந்தது.

"எங்கட சுவர்ல 230 வோல்ற்று வருது. ஜப்பான்ல 100தான். அத இதில செருகினா என்ன நடக்கும் சொல்லுங்க?"

"வெடிக்குமா வாப்பா?"

"புகை வந்து செத்துப் போகும்."

அன்று அவர்கள் இருவரும் பேசியது பத்து நிமிடத்துக்கு மேல். எதற்காக நாட்டுக்கு நாடு வோல்ற்று வேறுபடுகிறது, 12 வோல்ற்று மின்மாற்றி எங்கே வாங்கலாம், தண்டவாளத்தில் நேர், மறை இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் ரயில் ஏன் பின்னோக்கி ஓடுகிறது. சாப்பிட்டாயா என்ற கேள்வி கடைசியில்தான் வந்தது. தம்பியின் மனைவி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் என் மனைவியிடம், "ராத்தா, இந்த ரயில ஓட வைக்கிற வேலைய விட்டுராதீங்க" என்று சொல்லியிருக்கிறார்.

எந்த நகரம்?

எங்கள் கரையோரப் பாதையில் ஓடும் ரயிலைச் செய்வோம் என்றே முதலில் நினைத்தோம். பேருவளையில் பிறந்தவர்களுக்கு அந்தச் சத்தம்தானே தாலாட்டு! ஆனால் பையன் வேறு சொன்னான்: "வாப்பா வேலைக்குப் போற ரயில் செய்வம் பெரிய வாப்பா."

கணக்கும் அவன் பக்கம்தான் நின்றது. நமது நாட்டுத் தண்டவாளத்தின் இடை அகலம் 1676 மில்லிமீற்றர். 160ஆல் வகுத்தால் பத்தரை மில்லிமீற்றர் வரும். நம் கையில் இருப்பதோ 9. துபாய் மெட்ரோவின் அகலம் 1435 மில்லிமீற்றர். அதை 160ஆல் வகுத்தால் ஏறத்தாழச் சரியாக 9. பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மூத்த மகள் இதைக் கணக்குப் பார்த்துச் சொன்னபோது பையன் துள்ளினான்.

துபாய் மெட்ரோ 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆந் திகதி திறக்கப்பட்டது. சாரதி இல்லாமல் ஓடும் ரயில் அது. மேலே மின்கம்பி இல்லை. பாதையோரம் போகும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஷேக் ஸாயித் வீதியோரமாக, உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே, தூண்களின் மேல் ஓடுகிறது. நிலையங்களின் கூரை பொன்னிறச் சிப்பி போல் இருக்கும். எண்ணெய் கிடைப்பதற்கு முன் அவ்வூர் மக்கள் முத்துக் குளித்து வாழ்ந்ததை நினைவூட்டும் வடிவம் அது. ஆரம்பத்தில் ஓடிய ரயில் பெட்டிகளைச் செய்தவர்கள் ஒசாக்கா பகுதியைச் சேர்ந்த கின்கி ஷார்யோ என்ற ஜப்பான் நிறுவனத்தார். ஆகவே நம்மிடம் இருந்த ஜப்பான் ரயிலுக்கு நீலக் கடதாசிப் பட்டி ஒட்டியதும் அது பாதி துபாய் ரயிலாகிவிட்டது.

நூல் கட்டைத் தூண்கள்

ரயிலுக்குத் தூண் வேண்டும். என் மனைவி தையல் வேலை செய்பவர். முடிந்துபோன நூல் கட்டைகளை எறியாமல் ஒரு பிஸ்கட் தகரத்தில் சேர்த்து வைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. அந்தத் தகரத்தைத் தூக்கி வந்து கதவின் மேல் கொட்டினார். வரிசையாக நிறுத்திப் பார்த்தோம். தலை அகன்று, இடை ஒடுங்கிய அந்தக் கட்டைகள் படத்தில் பார்த்த மெட்ரோ தூண்களைப் போலவே இருந்தன. நமது பாதையின் சுற்று நீளம் நான்கு மீற்றருக்குச் சற்று மேல். 15 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக 28 கட்டைகள் போதுமாயின. அவற்றின் மேல் மெல்லிய ஒட்டுப்பலகையை வெட்டிப் பரப்பி, அதன் மேல் தண்டவாளத்தைப் பூட்டினோம்.

பாதையின் வளைவு 28 சென்ரிமீற்றர் ஆரை கொண்டது. அதைவிட நெருக்கி வளைத்தால் நீளமான பெட்டிகள் தடம் புரளும். கதவின் அகலத்துக்குள் அந்த வளைவு அடங்கி, இரு பக்கமும் கட்டடங்களுக்கு இடமும் மிஞ்சிற்று. மேல் நாடுகளிலும் வீட்டுக் கதவின் மேல் இந்த அளவு ரயில் பாதை அமைப்போர் நிறையப் பேர் உண்டு. கதவு இலேசானது, வளையாது, தேவையானபோது சுவரோடு சாய்த்து வைக்கலாம்.

அடுத்தது உயரம். இங்கேதான் பிள்ளைகளுக்கு உலகத்தின் பருமன் புரிந்தது. புர்ஜ் கலீபாவின் உயரம் 828 மீற்றர். 160இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 5 மீற்றருக்கு மேல்; நமது கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். எமிரேட்ஸ் இரட்டைக் கட்டடங்களில் உயர்ந்தது 355 மீற்றர். அதுவும் நம் அளவில் 2.2 மீற்றர். 1979ஆம் ஆண்டு திறந்த உலக வர்த்தக மையக் கட்டடம் 149 மீற்றர். அதை 93 சென்ரிமீற்றரில் செய்து முடிக்கலாம். ஒரு காலத்தில் அந்த ஊருக்கே உயர்ந்ததாக நின்ற கட்டடம் அதுதான். ஆகவே அதை மட்டும் உண்மை அளவில் செய்தோம். மற்றவற்றில் மாடிகளைக் குறைத்து, பின்வரிசையில் இருப்பவற்றின் ஜன்னல்களைச் சிறிதாக வெட்டினோம். சிறிய ஜன்னல் தூரத்தில் இருப்பது போல் கண்ணுக்குத் தோன்றும். மாதிரி செய்வோர் எல்லோரும் கையாளும் உபாயம் இது.

கட்டடங்களுக்குத் தடித்த கறுப்பு அட்டை. ஜன்னல்களை மெல்லிய கத்தியால் ஒவ்வொன்றாக வெட்டினோம். இந்த வேலை பெரியவர்களின் கையில்தான் இருந்தது. உட்பக்கம் வரைபடக்காரர் பயன்படுத்தும் எண்ணெய்த்தாள் ஒட்டினால் வெளிச்சம் பரவலாக வரும். மின்குமிழ் தனிப் புள்ளியாகத் தெரியாது. வெள்ளை அட்டையில் செய்தால் சுவரே ஒளிர்ந்து முழுக் கட்டடமும் விளக்குக் கூடு போலாகிவிடும். கறுப்பு அட்டை வெளிச்சத்தை ஜன்னல் வழியாக மட்டுமே விடுகிறது. மாடிக்கு மாடி தடுப்பு அட்டையும் வைத்தோம். இல்லாவிட்டால் ஒரு குமிழ் எரிந்தாலும் எல்லா மாடியும் எரிவதாகக் காட்டும்.

வெளிச்சத்தின் கணக்கு

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய் சிறு மின்குமிழ்கள் வாங்கினேன். பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகம் இவற்றை ஒளிகாலும் இருவாயி என்கிறது, கடைக்காரர் எல்.ஈ.டி என்கிறார். வெள்ளை ஒளி தரும் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 வோல்ற்று வேண்டும். மூன்றைத் தொடராக இணைத்தால் 9. நமது மின்மாற்றி தருவது 12 வோல்ற்று. மிஞ்சும் 3 வோல்ற்றைத் தாங்க ஒரு தடையி வேண்டும். 330 ஓம் தடையி போட்டால் 9 மில்லிஅம்பியர் ஓடும். என் மகளுக்கு இந்தக் கணக்கு பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அன்றுதான் அது வெளிச்சமாக மாறியதைப் பார்த்தாள். ஒன்பது கட்டடங்கள், கட்டடத்துக்கு ஆறு தொடர்கள், தொடருக்கு மூன்று குமிழ்கள்: மொத்தம் 162. அத்தனையும் எரிந்தாலும் அரை அம்பியருக்கு மேல் செல்லாது.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. 12 வோல்ற்று ஆளைத் தாக்காது என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால் சூடேறிக் கடதாசி பற்றலாம். ஒரு உருகியைக் கட்டாயம் இடையில் போட வேண்டும். பழைய மாதிரி இழைக் குமிழ்கள் சூடாகும்; அட்டைக் கட்டடத்துக்கு அவை ஆகா. படுக்கப் போகும்போது சுவர் ஆளியை அணைத்துவிட வேண்டும். இவை என் தம்பி குரல் பதிவில் அனுப்பிய கட்டளைகள். அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

அந்தக் குரல் பதிவுகள் ஒரு பாடத்திட்டமாகவே வளர்ந்தன. பையன் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு காத்திருப்பான். எழுபது மாடிக்கு மின்சாரம் எப்படி ஏறுகிறது? கட்டடத்தின் நடுவே குழாய் போல் ஒரு பாதை இருக்கும்; அதற்குள் தடித்த கம்பிகள் நிமிர்ந்து போகும்; மாடிக்கு மாடி ஒரு பெட்டியில் பிரிந்து அறைகளுக்குப் போகும். இரவில் எந்த விளக்கு அணையாது? படிக்கட்டு விளக்கு. உச்சியில் என்ன நிறம்? விமானம் மோதாமல் இருக்கச் சிவப்பு. அலுவலகத்தில் வெள்ளை வெளிச்சம், வீடுகளில் மஞ்சள் வெளிச்சம். சில மாடிகளில் யாருமே குடியிருக்க மாட்டார்கள், அங்கே இருட்டு. இவற்றையெல்லாம் கேட்டுக் கேட்டுப் பையன் தன் நகரத்தைத் திருத்தினான். ஒவ்வொரு கட்டடத்தின் ஓரத்திலும் கீழிருந்து மேல்வரை ஒரு மெல்லிய கோடாகப் படிக்கட்டு வெளிச்சம் வந்தது அப்படித்தான்.

எங்கள் உம்மா ஆரம்பத்தில், "சல்லியக் கரியாக்குற வேல" என்று முணுமுணுத்தார். விருந்தாளிகள் சிலர், "மௌலவி ரயில் உடுறாராமே" என்று சிரித்தார்கள். நானும் அவர்களுடன் சேர்ந்து சிரித்தேன். உம்மா மட்டும் சில நாட்களில் கதிரையை விறாந்தைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். தம்பியின் கைவேலையைப் பற்றி அவன் வாயால் கேட்பது அவருக்கும் அதுவே முதல் தடவை.

நிலைய மேடையில் வைக்கச் சிறு மனித உருவங்கள் கடைகளில் கிடைக்கின்றன. இந்த அளவில் ஒரு ஆள் ஒரு சென்ரிமீற்றர் உயரம். பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளுக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. ஆயினும் நாங்கள் வைக்கவில்லை. ஜன்னலில் வெளிச்சம் இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று பிள்ளைகளே கற்பனை செய்துகொண்டார்கள். "அஞ்சாம் மாடியில ஒரு உம்மா சமைக்கிறாங்க" என்பாள் என் சின்ன மகள். உருவத்துக்குத் தேவை ஏற்படவே இல்லை.

வாப்பாவின் ஜன்னல்

எல்லாம் எரிந்த முதல் இரவு, பையன் தொலைபேசித் திரையை நகரத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தான். தம்பி நெடுநேரம் பேசவில்லை. பிறகு ரயில் எந்தப் பக்கம் போகிறது, நிலையம் எது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அப்போது பையன் கேட்டான்:

"வாப்பா, ஒங்கட ஜன்னல் எது? அதுக்கு மட்டும் வேற நிறம் போடப் போறன்."

ஊரில் எல்லோருக்கும் தம்பி அனுப்பிய படங்கள் உயர்ந்த கட்டடங்களின் முன் நின்று எடுத்தவை. அவன் பொய் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை. அந்தக் கட்டடங்களில் ஏதோ ஒன்றில் அவன் இருக்கிறான் என்று பிள்ளை தானாக எண்ணிக்கொண்டிருந்தது. அன்று தம்பி பேச்சை மாற்றியிருக்கலாம். ஏதாவது ஒரு ஜன்னலைக் காட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவன் அப்படிச் செய்யவில்லை.

"இந்த ஜன்னல் ஒண்டும் வாப்பாட இல்ல மகன். இதெல்லாம் வாப்பா வேலை செய்ற இடம். வாப்பா இரிக்கிற இடம் அல் கூஸ். அங்க கட்டடம் உயரமில்ல. நாலு மாடி. ஒரு ரூம்ல ஆறு பேர்."

"ரூம்ல ஜன்னல் இரிக்கா?"

"ஒண்டு இரிக்கி. வாப்பாட கட்டில் அதுக்குப் பக்கத்தில இல்ல."

பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். அழுவான் என்று நினைத்தோம். அவன் கேட்டது: "மேல் கட்டிலா, கீழ் கட்டிலா?" தம்பி சிரித்துவிட்டான். "மேல் கட்டில்" என்றான். அந்தச் சிரிப்புக்குள் வேறு என்னவெல்லாம் இருந்தது என்பதைப் பெரியவர்கள் அறிவோம். தம்பியின் மனைவி எழுந்து குசினிக்குப் போய்விட்டார்.

மறுநாள் பையன் பாடசாலை விட்டு வந்ததும் நேராக விறாந்தைக்குப் போனான். கதவின் ஓரத்தில், உயர்ந்த கட்டடங்களுக்குப் பின்னால் ஒரு கை அகல இடம் மிஞ்சியிருந்தது. பிஸ்கட் பெட்டி அட்டையில் நான்கு மாடி வெட்டினோம். மூன்றாம் மாடியில் ஒரேயொரு ஜன்னல். மஞ்சள் ஒளிக் குமிழ் ஒன்று. இது 163ஆவது. தொடரில் சேராமல் தனியாக எரிய வேண்டியதால் 330 ஓம் போதாது. ஆயிரம் ஓம் தடையி போட வேண்டும் என்று மகள் கணக்குப் பார்த்துச் சொன்னாள். அதற்குத் தனி ஆளியும் வைத்தோம். இரவு ஒன்பதரைக்கு அழைப்பு வரும்போது பையன் அதைத் தட்டுவான். வாப்பா அறைக்கு வந்துவிட்டார் என்று அதற்கு அர்த்தம்.

கேட்கப்படாத கேள்வி

அந்த ஒரு ஜன்னல் பிள்ளையோடு நிற்கவில்லை. தம்பியின் வீட்டுக்கு மேல் தட்டுப் போடும் திட்டம் ஒன்று இருந்தது. மேலே இரண்டு அறை, ஒரு விறாந்தை. அதற்காக ஒப்பந்தம் முடிந்த பின்னும் இன்னும் இரண்டு வருடம் நீடிக்க அவன் ஆயத்தமாக இருந்தான். மாதா மாதம் சீமெந்து விலையும் கம்பி விலையும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆறு பேர் படுக்கும் அறையில் மேல் கட்டிலில் கிடந்து அவன் அனுப்பும் பணத்தில் இங்கே இரண்டு அறைகள் வெறுமையாக எழும்பப் போகின்றன என்பதை அந்த இரவுக்கு முன் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சொன்னவர் தம்பியின் மனைவிதான். எங்கள் உம்மாவையும் என் மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசினார். "மேல் தட்டு பிறகு போடலாம். மூணு பேருக்கு இரிக்கிற அறை போதும். ஒப்பந்தம் முடிஞ்சதும் வாங்க." தம்பி உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஊருக்கு வந்து என்ன வேலை, விலைவாசி என்ன, பிள்ளையின் படிப்புக்கு என்ன வழி என்று கேட்டான். அவை வீண் கேள்விகள் அல்ல. பல நாட்கள் பேசினார்கள். கடன் எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு, ஊரில் மின் இணைப்பு வேலைக்கு மாதம் எவ்வளவு கிடைக்கும் என்று ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தார்கள். என்னிடமும் அபிப்பிராயம் கேட்டார்கள். கணவனும் மனைவியும் கூடி ஆலோசித்து எடுக்கும் முடிவுதான் பறக்கத்தானது என்றேன். அதற்கு மேல் நான் பேசவில்லை.

ஒப்பந்தம் முடிந்ததும் வருவதென்று முடிவாகியிருக்கிறது, இன்ஷா அல்லாஹ். மேல் தட்டுக்கென்று வாங்கிய கம்பியில் பாதியை விற்றாயிற்று. அந்தப் பணம் அவன் தொழில் தொடங்கும்போது கருவிகள் வாங்க. வருமானம் குறையும் என்பதை அவர்கள் இருவரும் அறிவார்கள். எங்கள் உம்மா இப்போதே அவன் வரும் நாளை எண்ணத் தொடங்கிவிட்டார்.

எல்லா வீட்டுக்கும் இதே முடிவு பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். கடனோடு இருப்பவர்கள், நோயாளிகளைப் பராமரிப்பவர்கள், வேறு வழியே இல்லாதவர்கள் பலர். அந்நாடுகளின் வருமானத்தில்தான் நம்மவர்களில் எத்தனையோ குமர்கள் கரையேறினார்கள், எத்தனையோ பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் முடிவு எதுவானாலும் உண்மையைத் தெரிந்துகொண்டு எடுப்பது வேறு, படத்தைப் பார்த்துவிட்டு எடுப்பது வேறு. கணவர் எங்கே உறங்குகிறார், எத்தனை மணிக்கு எழுகிறார், வேலைத்தளத்துக்குப் போக எவ்வளவு நேரம், பகல் உணவு எங்கே என்பவை மனைவி தெரிந்திருக்க வேண்டிய விடயங்கள். பிள்ளையும் தன் வயதுக்கு ஏற்றபடி தெரிந்துகொள்ளலாம். அதனால் தகப்பனின் மதிப்பு குறைவதில்லை. எங்கள் வீட்டில் கூடியதைத்தான் பார்த்தேன். முன்பெல்லாம் மின்வெட்டு வந்தால் சலித்துக்கொள்ளும் பையன், இப்போது விளக்கு வந்ததும், "எங்கேயோ ஒருத்தர் ஏணியில நிக்கிறார்" என்கிறான்.

ரயில் வாங்க வேண்டும் என்பதில்லை. உங்கள் கணவர் வாகனம் ஓட்டுபவராயின் அவர் ஓடும் பாதையைப் பிள்ளை ஒரு தாளில் வரையட்டும். சமையற்காரராயின் ஒரு நேரத்துக்கு எத்தனை கிலோ அரிசி போடுகிறார் என்று கேட்கட்டும். கடையில் நிற்பவராயின் எந்த அலுமாரியில் எது இருக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். அடுத்த முறை அழைப்பு வரும்போது, சாப்பிட்டீர்களா என்று கேட்ட கையோடு, "இன்டைக்கு எந்த மாடியில வேலை வாப்பா?" என்று பிள்ளையைக் கேட்க வையுங்கள். பதில் சொல்ல அவருக்கு நிறைய இருக்கும்.